நசீமா சேர்த்து வைத்த பற்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாடிப்பட்டிக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருவது சக பல் மருத்துவர்களான உங்களில் பலருக்குத் தெரியும். அந்த ஞாயிறு முற்பகலில் ஒரு பெரியவருக்கு ஆடிக்கொண்டிருந்த கீழ்ப்பல் ஒன்றை எடுத்தேன். ஈறு தளர்ந்ததால் ஆடிய பல், அவ்வளவுதான். சொத்தை இல்லை, விரிசல் இல்லை, மேலெல்லாம் பழுப்புக் கறை. வேறு யாருக்கும் அது குப்பை. நசீமாவுக்கு அது புதையல். கழுவி, தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டிலில் போட்டு மூடிக்கொண்டிருக்கும்போது செல்போன் அடித்தது. அவளுடைய எண்தான். எடுத்த எடுப்பில், "ஏன்டி, ஒனக்கு ஒரு தங்கமான பல்லு எடுத்து வச்சிருக்கேன். சாயங்காலம் வந்து வாங்கிக்க" என்றேன்.  "அக்கா, நான் இக்பால் பேசுறேன்" என்று அவளுடைய தம்பியின் குரல் கேட்டது. "எங்க அக்கா மவுத்தாயிட்டாங்க" என்றான்.

காலையில் தொழுகைக்கு எழுந்தவள் குளியலறை வாசலிலேயே விழுந்திருக்கிறாள். மூளையில் ரத்தக் கசிவு. மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சில வாரங்களாகத் தலைவலி என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்ததை ஒருநாள் போட்டு ஒருநாள் விட்டவள் அவள். வருகிற நோயாளிகளுக்கெல்லாம் கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் ஊசி போடுவாள். தன் கையில் கட்டிப் பார்க்க நேரமில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. இன்னும் அது முழுதாக அடங்கவில்லை.

டாக்டர் நசீமா பானுவை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இந்த ஊரில் கிளினிக் வைத்திருக்கும் பல் மருத்துவர்களில் அவளுக்குப் பல் கொடுக்காதவர்கள் குறைவு. தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் மூடி போட்ட பாட்டில்கள், முகத்தில் கொஞ்சம் கூச்சம் கலந்த சிரிப்பு. நோயாளிகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வந்து, "பல்லு ஏதாச்சும் இருக்கா டாக்டர்?" என்று கேட்பாள். காத்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கே.கே. நகரில் என் கிளினிக்கில் ஒரு அம்மாள், "அந்தப் பொண்ணு பல்லை வாங்கி எங்க விக்கிது?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். ஆராய்ச்சிக்கு என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் நான் கிளினிக் போட்டேன். அவள் மேற்படிப்பு படித்துவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தாள். திருமணம் ஆகி, அது நிலைக்காமல், காஜிமார் தெருவில் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தாள். நாற்பதை நெருங்கும் வயதில் ஒருநாள், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருப்பதாகச் சொன்னாள். "ஏற்கெனவே டாக்டர்தானடி, இன்னொரு டாக்டர் எதுக்கு? ரெண்டு டாக்டர் போட போர்டுல எடம் இருக்கா?" என்று கேலி செய்தேன். அவள் சிரித்துக்கொண்டே, "போர்டுக்கு இல்லடி, செல்விக்கு" என்றாள்.

செல்வி என்பவள் வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். அந்த ஊரார் குடித்து வளர்ந்த ஆழ்துளை போர் தண்ணீரில் ஃப்ளோரைடு உப்பு அதிகம். அந்தத் தண்ணீரைச் சின்ன வயதில் குடித்தவர்களுக்குப் பல் முளைக்கும்போதே பழுப்புக் கறையோடு முளைக்கும், தேய்த்தால் போகாது. கையால் வாயை மூடிக்கொண்டுதான் செல்வி பேசுவாள். கல்யாணம் நிச்சயமானதும் நசீமாவிடம் வந்து, முன்பற்களின் மேல் பல் நிறத்தில் பூச்சு ஒட்டிக்கொண்டு போனாள். கண்ணாடியைப் பார்த்து அழுதாளாம். கல்யாணத்துக்குள் பூச்சு பாதி உதிர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட பல்லின் மேல்தோல் வேறு மாதிரியானது. நாம் வழக்கமாக ஒட்டும் எதுவும் அதில் சரியாகப் பிடிக்காது. பிறகு ஒருநாள் கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வந்து நசீமாவிடம் காட்டியிருக்கிறாள். குறை சொல்ல வந்ததல்ல, மரியாதைக்குக் காட்ட வந்தது. "ஒரு போட்டோவுலயும் நான் சிரிக்கல டாக்டர்" என்று மட்டும் சொன்னாளாம். கறைப்பல்லில் ஒட்டியதை உதிராமல் நிற்க வைப்பது எப்படி என்பதுதான் நசீமாவின் ஆராய்ச்சி. தலைப்பு ஆங்கிலத்தில் மூன்று வரி நீளம். விஷயம் அந்த ஆல்பம்தான்.

இந்த ஆராய்ச்சியை உயிருள்ளவர் வாயில் செய்ய முடியாது. பிடுங்கிய பல்லில் ஒட்டி, இயந்திரத்தில் மாட்டி, ஒட்டியதைப் பிய்த்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளக்க வேண்டும். அதற்குச் சொத்தை இல்லாத பல் வேண்டும். சொத்தை இல்லாத பல்லை யார் பிடுங்குவார்கள்? கம்பி கட்டிக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்குத்தான் இடம் பண்ணுவதற்காக நல்ல பல்லை எடுப்போம். கே.கே. நகரில் கோடை விடுமுறையில் அப்படி எடுக்கும் பற்கள் எவ்வளவோ. எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். கறைப்பல் உள்ள ஊரில் கம்பி கட்டிக்கொள்ள வசதி உள்ளவர்கள் இல்லை. வெள்ளைப் பல் அவளிடம் பாட்டில் பாட்டிலாகக் குவிந்தது. கறைப்பல், வயதானவர்களின் ஈறு தளர்ந்தால்தான் ஒன்று இரண்டாக வந்தது. "எம்புட்டுப் பல்லுடி வேணும் ஒனக்கு?" என்று அலுத்துக்கொள்வேன். "வெள்ளை போதும்டி. நம்ம ஊருப் பல்லுதான் வேணும்" என்பாள்.

பிடுங்கிய பல்லைத் தண்ணீரிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சில மாதங்களுக்கு மேலானால் இம்மாதிரிச் சோதனைக்கு ஆகாது என்று ஒரு விதியும் உண்டு. சில மாதத்தில் சேருகிற சரக்கா இது? தன் சோதனை மேல்தோலில் மட்டும்தான் என்று ஆராய்ச்சிகளுக்கு ஒப்புதல் தரும் குழுவின் முன்னால் நின்று வாதாடி, ஒருநாளும் காயவிடாமல், வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுவது என்ற நிபந்தனையோடு விதிவிலக்கு வாங்கி வந்தாள். திங்கட்கிழமை தண்ணீர் மாற்றும் நாள். பெருநாள் திங்கட்கிழமையில் வந்தாலும் பிரியாணி இறக்கியதும் கல்லூரிக்குப் போய்விட்டு வருவாள். பிடுங்கிய பல் ஏற்கெனவே செத்ததுதானே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டதற்கு அவள் சொன்னது எனக்கு மறக்காது. "பிடுங்குனா சாகாதுடி. காஞ்சாத்தான் சாகும்."

அவள் அம்மாவுக்கு இதில் ஒரு மனக்குறை இருந்தது. வெட்டிய நகத்தையும் உதிர்ந்த முடியையும்கூட மண்ணில் புதைக்க வேண்டும் என்று நினைப்பவர் அவர். மகள் மனிதப் பற்களைப் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். அது யார் யார் பல்லோ, நம்ம ஆட்களுடையது மட்டுமில்லை என்று இக்பால் சமாதானம் சொன்னபோது, "யாரு பல்லா இருந்தா என்னத்தா, மனுசப் பல்லு" என்றிருக்கிறார். ஆராய்ச்சி முடிந்ததும் ஒன்று விடாமல் மண்ணில் சேர்த்துவிடுகிறேன் என்று நசீமா வாக்குக் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த அம்மா மகளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்விதான். முடிஞ்சிருச்சாத்தா? பட்டம் வாங்கிவிட்டாயா என்று அர்த்தமில்லை. பல்லைப் புதைத்துவிட்டாயா என்று அர்த்தம்.

ஒரே ஒருநாள் அவளை முழு சந்தோஷத்தில் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் பற்கள் சேர்ந்ததும், முறை சரிதானா என்று பார்ப்பதற்காக, ஒரு பொறியியல் கல்லூரியில் இழுவிசை பார்க்கும் இயந்திரத்துக்கு அனுமதி வாங்கியிருந்தாள். துணைக்கு நானும் போனேன். வழக்கமான முறையில் ஒட்டியவை, தொட்டதும் கழன்ற மாதிரி கழன்றன. அவள் தன் முறையில், மேல்தோலை மெல்லியதாகச் சீவிவிட்டு, பிறகு அமிலம் தடவி ஒட்டிய பல் ஒன்றை மாட்டினார்கள். இயந்திரம் இழுத்தது. அளவு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் பட்டென்று உடைந்தது. உடைந்தது பல்தான், ஒட்டு விடவில்லை. அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த இயந்திரத்தை இயக்கியவர் பல் வீணாகிவிட்டதே என்று வருத்தப்பட்டார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வெளியே வந்து டீ குடிக்கும்போது, இனி என்ன, செல்வியைக் கூப்பிட்டு ஒட்டிவிடு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "ஒரு பல்ல வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுடி. மறுபடி உதிர்ந்துச்சுன்னா? இன்னொருக்க அந்தப் பிள்ள முன்னாடி என்னால நிக்க முடியாது." எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நானாக இருந்தால் மறுநாளே ஒட்டியிருப்பேன். அவள், எல்லாப் பல்லும் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

அடுத்து நடந்ததை நான் எப்போது நினைத்தாலும் வயிறு எரியும். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா இறந்து, விடுப்பில் இருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கல்லூரியைச் சோதிக்க ஆய்வுக்குழு வருவதாக அறிவிப்பு. துறை துறையாகத் துடைத்து அடுக்கினார்கள். திசுக்களைச் சோதிக்கும் நோய்க்குறியியல் துறையில் இருந்த ஒரு மூத்த ஆசிரியர் அவள் அலமாரியைத் திறந்து பார்த்திருக்கிறார். அவர் துறையில், உடம்பிலிருந்து எடுத்த எதுவாக இருந்தாலும் ஃபார்மலினில் போட வேண்டும். வெறும் தண்ணீரில் வைத்தால் அழுகிவிடும். பாவம், துக்க வீட்டில் இருக்கும் பெண், மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலாகத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஃபார்மலின் ஊற்றி, அழகான கையெழுத்தில் பெயரும் ஒட்டி வைத்துவிட்டார். பல் மருத்துவம் தெரியாத ஒருவர் அந்தப் பாட்டில்களைத் தொட்டிருக்கவே மாட்டார். ஃபார்மலினில் ஊறிய பல் கெடாது, ஆனால் அதன் தன்மை மாறிவிடும். அதில் எதை ஒட்டி எப்படி இழுத்தாலும் வருகிற அளவை நம்ப முடியாது.

திரும்பி வந்தவளிடம் அவரே பெருமையாகச் சொன்னாராம். இவள் மூடியைத் திறந்ததும் நெடி கண்ணில் அடித்திருக்கிறது. "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டு, அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நேராக என் கிளினிக்குக்கு வந்தாள். நோயாளி நாற்காலியில் சாய்ந்து படுத்து, விளக்கை அணைக்கச் சொன்னாள். ரொம்ப நேரம் அழுதாள். அத்தாவுக்கு அழுகிறாளா பல்லுக்கு அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. அந்த மனிதரைப் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று நான் கிளம்பியபோது தடுத்தாள். "அவரு நல்லதுதானடி நெனச்சாரு. கெடுக்கணும்னு செஞ்சிருந்தா சண்டை போடலாம். இதுக்கு என்ன செய்ய?" என்றாள். மறுவாரம் புது பாட்டில்களோடு உங்கள் கிளினிக்குகளுக்கு மறுபடியும் வந்தாளே, அது இதற்குப் பிறகுதான். ஏன் மறுபடியும் என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த ஆசிரியர் பெயர் கெட்டுவிடும் என்று உங்களிடம் காரணம் சொல்லியிருக்க மாட்டாள்.

இரண்டாவது சேகரிப்பு பாதியைத் தாண்டும் நேரத்தில் அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் ஓய்வுபெற்றார். புதிய வழிகாட்டி இளைஞர், நல்லவர். இந்தத் தலைப்பு பழசாகிவிட்டது, லேசர் சம்பந்தமாக ஏதாவது எடுத்துக்கொண்டால் ஓராண்டில் முடித்துவிடலாம் என்று அவள் நன்மைக்காகத்தான் சொன்னார். நானும் அதையே சொன்னேன். பட்டம் முக்கியம், பதவி உயர்வு நிற்கிறது, உன் மாணவிகள் எல்லாம் உனக்கு மேலே போய்விட்டார்கள் என்று இருந்ததை எல்லாம் கொட்டினேன். "பல்லு பழசுதானடி. அப்ப கேள்வியும் பழசாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் துணிப்பையை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

போன வருடம் செல்வி ஒரு பெண் குழந்தையோடு வாடிப்பட்டியில் என்னிடம் வந்தாள். நசீமா அன்று பல் வாங்குவதற்காக அங்கே வந்திருந்தாள். பால்பல் விழுந்து, புதிதாக இரண்டு முன்பற்கள் முளைத்திருந்தன அந்தக் குழந்தைக்கு. இரண்டும் பழுப்பு. ஊருக்குக் குடிநீர்க் குழாய் வந்துவிட்டது, ஆனால் தண்ணீர் வராத நாளில் மறுபடியும் அந்த போர்தான் என்று செல்வி சொன்னாள். பிறகு நசீமாவிடம் திரும்பி, எந்தக் குத்தலும் இல்லாமல் கேட்டாள். "இதுக்குத்தான் ஆராய்ச்சி பண்றேன்னு சொன்னீங்களே டாக்டர், முடிஞ்சிருச்சா?" இவள், இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்றாள். குழந்தை எங்களைப் பார்த்துச் சிரிக்க வந்து, அம்மாவைப் பார்த்துவிட்டு, கையை எடுத்து வாயை மூடிக்கொண்டது. அது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. 

அவள் இறந்த அன்று மாலை அடக்கம் செய்தார்கள். நான் போகும்போது குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றி வைத்திருந்தார்கள். பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனதும் தெரு சட்டென்று வெறுமையானது. என் கைப்பையில் காலையில் எடுத்த பல் பாட்டிலில் இருந்தது. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு நான் கல்லூரிக்குப் போய்ப் புதிய வழிகாட்டியைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, வேறு மாணவர் யாராவது எடுத்து முடிக்க முடியாதா என்று கேட்டேன். அவர் என்னை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். பதிவு அவள் பெயரில். ஒப்புதல் அவள் பெயரில். பழைய பற்களை வைத்துக்கொள்ளக் கொடுத்த விதிவிலக்கும் அவள் பெயரில். அவளோடு எல்லாம் முடிந்துபோனது. வேறொருவர் செய்வதென்றால் முதல் பல்லிலிருந்து தொடங்க வேண்டும், அப்படித் தொடங்க இங்கே யாரும் இல்லை என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அலமாரியைக் காலி செய்ய வேண்டியிருப்பதால் பற்களை மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போடப்போவதாகவும் சொன்னார். நான் கொடுங்கள் என்று கேட்டு, இரண்டு கட்டைப்பைகளில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நேரே காஜிமார் தெருவுக்குத்தான் போனேன். புதைத்துவிட வேண்டும் என்று அந்த அம்மா இத்தனை வருடம் கேட்டார். அதையாவது செய்துவிடலாம் என்று நினைத்தேன். பைகளைக் கொண்டுபோய் முன்னால் வைத்ததும் இக்பால் மண்வெட்டி கேட்கப் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினான். அவன் அம்மா அவனை நிறுத்தினார். ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அதுவரை அவர் அந்தப் பற்களைப் பார்த்ததேயில்லை.

"முடிச்சதும் பொதைக்கிறேன்னுதானம்மா சொன்னா. முடிஞ்சிருச்சாம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் மனம் ஆறியிருக்கும். எனக்கு வாய் வரவில்லை.

"இல்லம்மா. முடியல."

"அப்ப நீயே வச்சுக்க" என்று பாட்டிலை என் கையில் கொடுத்தார். மண்வெட்டி வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

செல்வியின் மகளுக்குப் போன மாதம் நான்தான் பூச்சு ஒட்டினேன். வழக்கமான முறையில், உதிரும் என்று சொல்லியேதான் ஒட்டினேன். நசீமாவின் முறையைச் செய்து பார்க்க எனக்குத் துணிவில்லை. ஒரு பல்லை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றவள் அவள்.

உங்களில் சிலரிடம் அவள் பெயர் எழுதிய பாட்டில் இன்னும் இருக்கும். இனி யாரும் வந்து கேட்க மாட்டார்கள். மஞ்சள் பையில் போட்டுவிடுங்கள். அவள் கோபித்துக்கொள்கிறவள் இல்லை. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது என் கிளினிக்கின் பின்னறையில், ஒரு அலமாரித் தட்டு நிறைய பாட்டில்களாக இருக்கிறது. அந்தப் பெரியவரின் பல்லையும் அதிலேயே சேர்த்துவிட்டேன். அவற்றால் இனி ஒரு பயனும் இல்லை, எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து தண்ணீரை மாற்றுகிறேன்.